சிறுவர்களைப் பணயம் வைப்போருக்குப் புகலிடம் அளிக்கலாகாது

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் இடம்பெற்ற சம்பவத்தை இந்நாட்டு மக்கள் எளிதில் மறந்துவிட முடியாது. உயிர்த்த ஞாயிறு தினத் தாக்குதல்கள் நிகழ்ந்து ஐந்து நாட்களே கடந்திருந்த நிலையில், அங்கு வாடகைக்குப் பெறப்பட்டிருந்த வீடொன்றில் புதிதாக வந்து தங்கியிருந்தோர் மீது அயலவர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. அவர்கள் விசாரித்தனர், தகவல் பாதுகாப்புத் தரப்பினரைச் சென்றடைந்தது. தொடர்ந்து துப்பாக்கிச் சமரும் குண்டுவெடிப்புகளும் இடம்பெற்றன. மறுநாள் காலை அவ்வீட்டிலும் அதன் சுற்றாடலிலும் கண்டெடுக்கப்பட்ட சடலங்களில் ஆறு சிறுவர்களின் சடலங்களும் அடங்கியிருந்தன. இறந்தோருள் தாக்குதல்களின் சூத்திரதாரியான சஹ்ரான் ஹாஷிமின் தந்தையும் சகோதரர்கள் இருவரும் இருந்தனர். சஹ்ரானின் மனைவியும் சிறு மகளும் காயங்களுடன் உயிர் தப்பினர்.

இச்சம்பவத்தில் இரண்டு விடயங்கள் நமது கவனத்திற்குரியவை. முதலாவது, அவ்வீட்டைப் பற்றிய தகவலை வழங்கியவர்கள் அவ்வூர் மக்களே. சந்தேக நபர்கள் எந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லித் தம்மை நியாயப்படுத்தினார்களோ அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சாதாரண மனிதர்களே அவர்களைத் தடுத்து நிறுத்தினர். அத்தகவல் வழங்கப்படாதிருந்தால் மற்றுமொரு பேரழிவு நேர்ந்திருக்கலாம் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, அத்தகவல் பலருடைய உயிரைக் காத்ததாயினும், அவ்வீட்டினுள் இருந்த ஆறு பிள்ளைகளைக் காப்பதற்கு அது காலம் கடந்து வந்த தகவலாகவே அமைந்துவிட்டது. தந்தையரின் கையில் வெடிபொருள் இருக்கின்றது என்பதை அறியாமலே அப்பிள்ளைகள் அன்றிரவு அங்கு இருந்திருப்பர். அதற்கு முன்னர் வெளியான ஒளிப்பதிவொன்றில் பெரியவர்கள் மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர்களின் அருகிலேயே பிள்ளைகளும் காணப்பட்டதை நாடே கண்டது.

ஆகவே, எப்போது சொல்லியிருக்க வேண்டும், யார் சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. இக்கேள்விக்கு விடை தேடுவோர் முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியவர்களில் பலர் சொல்லியிருந்தனர். 2017 மார்ச் மாதத்தில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூபி வழியினர் மீது சஹ்ரானின் குழுவினர் தாக்குதல் நடத்தியதைத் தொடர்ந்து அவர் தலைமறைவானார். அவருக்கு எதிராகப் பிடியாணை நிலுவையில் இருந்தது. அவரது பேச்சுகள் குறித்துக் காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு செய்திருந்தமை பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களில் பதிவாகியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவிரவாதக் குழுவினர் பற்றிய விபரங்களைப் புலனாய்வுத் தரப்பினருக்குத் தாம் வழங்கியதாக இலங்கை முஸ்லிம் சபையின் உபதலைவர் ஹில்மி அஹமட் தாக்குதலின் பின்னர் சர்வதேச ஊடகங்களிடம் தெரிவித்திருந்தார். போதாக்குறைக்கு, தாக்குதலுக்கு இரு வாரங்களுக்கு மேலாக இருக்கையிலேயே இந்தியாவிடமிருந்தும் எச்சரிக்கை கிடைத்திருந்தது. இத்தனைக்கும் பின்னர் தேவாலயங்கள் மூன்றும் ஹோட்டல்கள் மூன்றும் தாக்கப்பட்டு 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் குறைந்தது 45 பேர் சிறுவர்கள் என யுனிசெப் நிறுவனம் அப்போது அறிவித்தது.

இந்த அசட்டைக்கு உயர்நீதிமன்றம் பின்னர் விலை நிர்ணயித்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் அடங்கிய ஆயம் வழங்கிய தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவையும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் தலா 7 கோடியே 50 இலட்சம் ரூபாவையும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி ரூபாவையும் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. தகவல் கிடைத்தும் செயற்படாதிருப்பது அடிப்படை உரிமை மீறலாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும். மக்கள் ஏன் தகவல் தருவதில்லை என்று கேட்கும் அதிகாரிகள் இத்தீர்ப்பை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நன்று.

பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டே அழிவுக்குச் செல்லும் இப்போக்கு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. சாய்ந்தமருதுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர், 2018 மே 13ஆம் திகதி இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அறுவர் மூன்று தேவாலயங்கள் மீது தற்கொலைத் தாக்குதல் நடத்தினர். தாயுடன் சென்றவர்கள் அவருடைய இரு சிறுமிகள். மறுநாள் இன்னொரு குடும்பம் மோட்டார் சைக்கிள்களில் சென்று பொலிஸ் தலைமையகத்தைத் தாக்கியது. அக்குடும்பத்தின் எட்டு வயதுச் சிறுமி மட்டுமே உயிர் பிழைத்தாள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொழும்பு தெமட்டகொடையில் வசதி படைத்த குடும்பமொன்றின் வீட்டைச் சோதனையிடப் பொலிஸார் சென்றபோது, கர்ப்பிணியாக இருந்த பெண்ணொருவர் குண்டை வெடிக்கச் செய்ததில் அவரது பிள்ளைகள் மூவரும் பொலிஸ் உத்தியோகத்தர்கள் மூவரும் பலியாகினர். செல்வமும் கல்வியும் அப்பிள்ளைகளைக் காக்கவில்லை. 2016 நவம்பரில், நன்கு கற்ற நான்கு குடும்பங்களைச் சேர்ந்த 32 பேர் சிரியாவுக்குச் சென்றுள்ளதாக அப்போதைய நீதி அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறியபோது அது இனவாதக் கூற்றா அல்லவா என்ற வாதப் பிரதிவாதத்திலேயே நாட்கள் கழிந்தன. குடும்பம் குடும்பமாகச் சென்றார்கள் என்றால் பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டோர் மிகச் சிலரே.

இவை யாவும் கிழக்கிலும் கொழும்பிலும் நிகழ்ந்தவை, மலையகத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எவரும் கருதிவிடக் கூடாது. நுவரெலியா பிளக்பூல் பகுதியில் அமைந்திருந்த வீடொன்று சஹ்ரான் குழுவினரின் பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்டது எனப் பொலிஸார் 2019 மே மாதத்தில் அறிவித்தனர். உல்லாசப் பயணிகள் வந்து போகும் மலைநாட்டில் புதிய முகங்கள் எவருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. தேடப்படும் ஒருவர் மறைந்து வாழ்வதற்கு நகரத்தின் சனநெரிசல் எவ்வளவு வசதியோ அவ்வளவுக்கு மலையின் தனிமையும் வசதியானதே.

நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்துள்ள பட்டிப்பொலவை எடுத்துக்கொள்வோம். அம்பேவலைக்கும் ஒஹியாவுக்கும் இடையே, பனியும் குளிரும் சூழ்ந்த அக்கிராமத்திலும் அதனை அண்டிய தோட்டங்களிலும் மரக்கறிச் செய்கையாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பண்ணை ஊழியர்களும் வாழ்கின்றனர். இத்தகைய இடங்களில் பயங்கரவாதி ஒருவர் வந்து ஒளிந்துகொள்வது அரிது. ஆனால் அதே தன்மையுள்ள சிறிய அபாயங்கள் அரிதானவையல்ல. கொலை அல்லது போதைப்பொருள் வழக்கில் தேடப்படும் ஒருவர், அல்லது சிறுமியொருத்தியைத் துஷ்பிரயோகம் செய்துவிட்டு வேற்றூரிலிருந்து தப்பிவந்த ஒருவர், மாமன் அல்லது சித்தப்பன் என்ற உரிமையுடன் லயன் அறையொன்றில் வந்து தங்குகின்றார். ஓர் அறையும் ஒரு குசினியும் கொண்ட அந்த வீட்டில் பிள்ளைகளுக்கெனத் தனி இடம் கிடையாது. தாய் விடிந்ததும் கொழுந்து பறிக்கச் செல்கின்றாள். தகப்பன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கின்றான். பிள்ளைகள் அந்த மனிதருடன் தனித்து விடப்படுகின்றனர். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டாருக்கு எல்லாம் தெரியும். லயத்தில் இரகசியம் என்று ஒன்று இல்லை. எனினும், பொலிஸுக்குத் தெரியாது. பாடசாலை ஆசிரியருக்கும் தெரியாது. தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை.

ஏன் இந்த மௌனம்? இதனை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. இந்நாட்டில் தகவல் கொடுத்தல் என்ற செயலுக்கு மிகவும் கசப்பான வரலாறு உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் சுற்றிவளைப்புகளின்போது முகத்தை மூடிக்கொண்டு நின்று தலையசைத்தவர்களைத் ‘தலையாட்டி’ என்று மக்கள் அழைத்தனர். அந்தத் தலையசைப்பினால் எத்தனையோ இளைஞர்கள் வீடு திரும்பவேயில்லை. மறுபுறத்தில், தகவல் வழங்கியவர் என்ற சந்தேகத்தின் பேரில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டோரும் அநேகர். 1980களின் இறுதியில் தெற்கிலே சாக்கினால் முகம் மறைத்த ‘கோனி பில்லா’க்கள் அடையாளம் காட்டிய சிங்கள இளைஞர்களுக்கும் அதே கதியே நேர்ந்தது. யுத்த காலத்தில் மலையக இளைஞர்களும் சந்தேகத்தின் பேரில் பல ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். ஆகவே, ‘காட்டிக்கொடுத்தல்’ என்ற சொல் மூன்று சமூகங்களின் நாவிலும் ஒரு வசைச்சொல்லாகவே தங்கிவிட்டது.

உண்மையாகவே தகவல் வழங்கியவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மக்கள் பார்த்திருக்கின்றனர். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டதையும், 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டதையும் தொடர்ந்து நடைபெற்ற விசாரணைகளுக்கு உதவிய முஸ்லிம் ஒருவர் 2019 மார்ச் மாதம் தமது வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கையில் தலையில் சுடப்பட்டார். அவர் சாதாரண குடிமகனும் அல்லர். அமைச்சர் ஒருவரின் இணைப்புச் செயலாளராகப் பணியாற்றியவர். அவரையே அரசினால் பாதுகாக்க முடியவில்லை எனில், பட்டிப்பொலவின் தோட்டமொன்றில் வாழும் தொழிலாளப் பெண் எந்த நம்பிக்கையில் பொலிஸ் நிலையத்தின் படி ஏறுவாள்?

தாக்குதலின் பின்னர் நடந்தவையும் மௌனத்திற்கு உரமிட்டன. 2019 மே மாதத்தில் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை உள்ளிட்ட பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆடையில் இருந்த கப்பற் சுக்கானின் உருவத்தைத் தர்மச்சக்கரம் எனத் தவறாகக் கருதி ஒரு பெண் கைது செய்யப்பட்டார். குருநாகலில் வைத்தியர் ஒருவர் மீது பத்திரிகைச் செய்தியொன்றின் வழியாகச் சுமத்தப்பட்ட பாரதூரமான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை எனக் குற்றப்புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் கூறவேண்டியதாயிற்று. சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளவும் வியாபாரப் போட்டியை முடித்துக்கொள்ளவும் ‘தகவல்’ என்ற பெயர் பயன்பட்ட காலம் அது. ஒருவரைப் பற்றி வாய் திறந்தால் ஊரே பழி சுமக்க நேரிடும் என்ற அச்சம் முஸ்லிம் மக்களிடையே வேரூன்றியது. இது தமிழர்கள் தமது அனுபவத்தில் நன்கறிந்த அச்சமே. இரு சமூகங்களும் இவ்விடயத்தில் ஒன்றின் நோவை மற்றொன்று புரிந்துகொள்ள முடியும்.

இத்தனை நியாயங்கள் இருந்தும், ஓர் எல்லைக்கு அப்பால் மௌனத்தை நம்மால் ஏற்றுக்கொள்ள முடியாது. அந்த எல்லை பிள்ளையின் பாதுகாப்பாகும். அரசியல் கருத்துக்காகத் தேடப்படும் ஒருவரைப் பற்றிப் பேசாதிருப்பதும், பிள்ளைகள் உறங்கும் அறையில் வெடிபொருளையோ போதைப்பொருளையோ வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசாதிருப்பதும் ஒன்றாகா. வளர்ந்த மனிதர் தமது பாதையைத் தாமே தெரிவு செய்கின்றார். பிள்ளைக்கு அத்தெரிவு இல்லை. வீட்டைவிட்டு வெளியேறவும் அதனால் முடியாது. முறைப்பாடு செய்யவும் தெரியாது. அதன் சார்பில் பேசக்கூடியவர் வளர்ந்தவர் ஒருவரேயாவார். பெரும்பாலும் அவர் அக்குடும்பத்தினுள்ளேயே இருக்கின்றார். பாட்டியாக, மாமியாக, அல்லது அந்த மனிதரின் மனைவியாகவே இருக்கின்றார்.

உறவா நீதியா என்ற கேள்வி நமது மரபுகளுக்குப் புதியதன்று. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் கதையைத் தமிழ் மரபு மனுநீதிச் சோழன் மீது ஏற்றிச் சொல்கின்றது. அதே கதையை அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மீது ஏற்றி மகாவம்சம் சொல்கின்றது. சாட்சி சொல்லும்போது பெற்றோர், உறவினர் என்ற பந்தம் குறுக்கே நிற்கலாகாது என்பது இஸ்லாத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்றாகும். உறவினரை ஒறுக்கும் கடுமையை இன்று எவரும் ஒரு தாயிடம் எதிர்பார்க்கவில்லை. தன் பிள்ளையைக் காப்பதற்காகக் கணவனையோ சகோதரனையோ பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னால், அதனைத் துரோகம் என்று தூற்றாதிருப்பதே ஊரிடம் எதிர்பார்க்கப்படுகின்றது.

சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பாரதூரமான சில குற்றங்களைப் பற்றி அறிந்தவர்கள் நீதிமன்றத்திற்கோ பொலிஸ் நிலையத்திற்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்க வேண்டும் எனக் கூறுகின்றது. குற்றவாளிக்குப் புகலிடம் அளிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகக் கொள்கின்றது. எனினும் கணவனோ மனைவியோ அளிக்கும் புகலிடத்திற்கு விலக்களிக்கின்றது. இவ்விலக்கு மனிதாபிமானமானதே. ஆனால் அது வாழ்க்கைத்துணைக்கான விலக்கு மட்டுமே. பிள்ளையை ஆபத்தில் விடுவதற்கான அனுமதியன்று. 1995இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி தமது பராமரிப்பிலுள்ள சிறுவர்களைக் கொடுமைக்கு உள்ளாக்குவது தனிக் குற்றமாகும். 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இத்தகைய முறைப்பாடுகளுக்கானதே. உடனடி ஆபத்து எனில் 119 உள்ளது.

தகவல் வழங்குபவரைக் காப்பதற்கும் சட்டம் உண்டு. குற்றத்தினால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் முதன்முதலில் 2015இல் நிறைவேற்றப்பட்டு, 2023இல் புதிய சட்டத்தினால் மாற்றீடு செய்யப்பட்டது. நீதிமன்றத்தில் கூண்டேறியவர் மட்டுமன்றி முறைப்பாடு செய்தவரும் தகவல் கொடுத்தவரும் இதன் பாதுகாப்பைக் கோரலாம். ஆனால் சட்டப்புத்தகத்தில் உள்ள பாதுகாப்பு மலை ஏறி வருவதில்லை என்பதே நமது கவலை. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தும், தமிழில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ள ஆளில்லாத பொலிஸ் நிலையங்களைப் பற்றிய குறைபாடுகள் தொடர்ந்து கேட்கின்றன. தனது பிள்ளைக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்த தாய், மொழிபெயர்ப்புக்காகத் தோட்டத் தலைவரையோ கடைக்காரரையோ அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால், அவர் வீடு திரும்புமுன் செய்தி லயம் முழுவதும் பரவிவிடும். தேடப்படுபவரின் காதுக்கும் அது எட்டிவிடும். அதன்பின்னர் ஆபத்து இரட்டிப்பாகின்றது.

எனவே, அரசிடம் நாம் வேண்டுவன சில உள்ளன. மலையகத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் சிறுவர், பெண்கள் பிரிவில் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவராயினும் எந்நேரமும் கடமையில் இருத்தல் வேண்டும். தகவல் வழங்கியவரின் பெயரை வெளியிடும் உத்தியோகத்தர் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டைச் சுற்றிவளைப்பதற்கு முன்னர் அவர்களை எவ்வாறு பாதுகாப்பாக வெளியேற்றுவது என்பதற்கான திட்டம் இருத்தல் வேண்டும். தெமட்டகொடையும் சாய்ந்தமருதும் கற்பித்த பாடம் இது. ஒரு மனிதரைத் தேடிச் செல்வோர் ஒரு லயத்தையோ ஒரு வட்டாரத்தையோ முழுமையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நிறுத்தப்பட வேண்டும். அவ்வாறு நடந்துகொண்டால் அடுத்த தகவல் ஒருபோதும் வராது.

சமூகத்திடமும் நாம் வேண்டுவன உள்ளன. பள்ளிவாசல் நிருவாக சபைகளும் கோவில் பரிபாலன சபைகளும் தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டிகளும் இத்தகைய விடயங்களை ‘உள்ளுக்குள்’ பேசித் தீர்க்க முனைவதைக் கைவிட வேண்டும். குடும்பச் சண்டையைப் பேசித் தீர்க்கலாம். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து இருக்குமிடத்தில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அதேவேளை, தகவல் என்பது என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். ஒருவர் தாடி வளர்ப்பதோ, தொழுகைமுறையை மாற்றிக்கொள்வதோ, வேற்றூரிலிருந்து வந்திருப்பதோ தகவல் ஆகாது. தேடப்படுபவர் இன்னார், இன்ன இடத்தில் தங்கியிருக்கின்றார், ஆயுதம் இருப்பதைக் கண்டோம், பிள்ளைகள் இத்தனை பேர் உள்ளனர், அவர்கள் பாடசாலைக்கு அனுப்பப்படுவதில்லை என்பன தகவல்களாகும். கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லப் பழகினால் அப்பாவிகள் பழிவாங்கப்படுவதும் குறையும். உண்மையான அபாயமும் விரைவில் வெளிப்படும்.

இறுதியாக, எஞ்சி நிற்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். தந்தை சிறை செல்லலாம், சாகலாம். பிள்ளை அதே ஊரில், அதே பாடசாலையில் வளர வேண்டியுள்ளது. இன்னாருடைய பிள்ளை என்ற சுட்டுவிரல் அதனை வாழ்நாள் முழுவதும் துரத்துமாயின், அதனைக் காப்பாற்றினோம் என்று நாம் கூறிக்கொள்ள இயலாது. தன் குடும்பத்தைப் பற்றி வாய் திறக்க ஒரு தாய் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணமாகும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் பாடசாலைகளும் மட்டுமன்றி அயலவர்களும் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். பெற்றோரின் குற்றம் பிள்ளையைச் சாராது என்பதை ஊர் தனது நடத்தையால் காட்டும்போதுதான், பட்டிப்பொலவாயினும் சாய்ந்தமருதாயினும், அபாயத்தை முதலில் காணும் ஒரு தாய் அதனை உரிய வேளையில் சொல்லத் துணிவாள்.